17 ரூபாய் 70 காசை யார் எடுத்தது?

பாலக்காட்டுக் கிழக்குப் பக்க வங்கிக் கிளைகளில் 31 வருஷம் கவுன்டரில் உட்கார்ந்தவள் நான். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: 'பாஸ்புக்கில் இது என்ன?'

அக்கா, வேலந்தாவளத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டேன். 17.70, 17.70, 236, 436, 20 என்று பற்றுப் பக்கம் வரிசையாக நிற்கிறது. நான் எடுக்கவே இல்லை. கேட்டால் 'சார்ஜ்' என்று ஒரு வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். திருட்டா?

திருடன் சில்லறைக் காசு வரைக்கும் கணக்குப் பார்த்து எடுக்க மாட்டான் தங்கச்சி. போனில் கால்குலேட்டரைத் திறங்கள். வங்கி பிடிக்கும் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறும். அதனால் போன தொகையை 1.18 ஆல் வகுத்துப் பாருங்கள். 17.70 ஐ வகுத்தால் சரியாக 15. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்திருந்தால் அது எஸ்எம்எஸ் கட்டணமாக இருக்கும். 236 ஐ வகுத்தால் 200. வருஷத்துக்கு ஒரே தடவை என்றால் ஏடிஎம் கார்டுக்கு. (27.14 என்று இருந்தால் 23. இலவசத் தடவைகளைத் தாண்டி ஏடிஎம்மில் பணம் எடுத்திருக்கிறீர்கள்.) கார்டே தேவையில்லை என்றால் எழுதிக் கொடுத்துத் திருப்பிவிடலாம்.

436 ஐ வகுத்தால் 369.49 என்று இழுக்கிறது. 20 ம் அப்படித்தான். அப்படியென்றால் அவை வங்கிக் கட்டணம் இல்லை. தேதியைப் பாருங்கள், மே மாதக் கடைசி வாரமாக இருக்கும். 436 ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு, 20 சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு. ஜூன் 1 முதல் மறுவருஷம் மே 31 வரை, ஒவ்வொன்றுக்கும் 2 லட்சம்.

'நான் கேட்கவே இல்லையே' என்பீர்கள். கணக்கு தொடங்கிய அன்று எத்தனை இடத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா? நம் பக்கத்துப் பெண்களுக்கு மலையாளம் பேச்சில் தடையில்லாமல் வரும், வாசிக்கத் தமிழ்தான். படிவம் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் இருக்கும். பென்சிலில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்த இடத்திலெல்லாம் கையெழுத்து விழும். அந்தக் குறியைப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. விளக்கிச் சொல்லாதது எங்கள் தப்புதான்.

ஆனாலும் அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். விபத்துப் பிரீமியம் 12 ரூபாயாக இருந்த காலம், 2022 க்கு முன்னால். தென்னையில் கள் இறக்கும் ஒருவர் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். கணக்கை முடிக்க அவர் மனைவி வந்தார். பாஸ்புக்கைப் புரட்டும்போது அந்த 12 கண்ணில் பட்டது. எஃப்ஐஆர், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, நாமினியின் ஆதார் என்று ஒவ்வொன்றாக வாங்கி அனுப்பினோம். 2 லட்சம் வந்தது. அந்த வரியை நான் பார்க்காமல் விட்டிருந்தால் யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் உங்கள் வீட்டுக்காரரிடம் இந்த இரண்டு வரியையும் காட்டி வையுங்கள். வேண்டவே வேண்டாம் என்றால் நிறுத்தச் சொல்லிக் கிளையில் எழுதிக் கொடுத்தால் போதும்.

கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. மாதாமாதம் 295 ரூபாய் போகிறது மேடம். பைக் லோன் தவணையும் ஒழுங்காகக் கட்டிவிடுகிறேன்.

ஒழுங்காக, ஆனால் இரண்டு நாள் தள்ளி! 295 ஐ வகுத்தால் 250. தவணை 5 ஆம் தேதி, சம்பளம் 7 ஆம் தேதி, சரிதானே? ஏசிஹெச், அதாவது தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் முறை, வந்து பணமில்லாமல் திரும்பியதற்கான அபராதம் அது. லோன் கொடுத்தவரும் தன் பங்குக்குத் தனியாகப் போட்டிருப்பார், அதையும் பாருங்கள். தவணைத் தேதியை 10 க்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

மீனாட்சிபுரம். யுபிஐ என்று போட்டு, நான் கேள்விப்படாத ஒரு மலையாளப் பெயருக்கு 340 ரூபாய் போயிருக்கிறது.

கடையில் ஸ்கேன் செய்தால் பணம் போவது போர்டில் இருக்கும் பெயருக்கு இல்லை, கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. எனக்கும் இது நடந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் பெயருக்கு 280 போயிருந்தது, ராத்திரி தூக்கமில்லை. அந்த வரியிலிருக்கும் 12 இலக்க எண்ணை போன் ஆப்பில் தேடினேன், காலை 7.52 என்று நேரம் காட்டியது. அந்த நேரத்துக்கு வாசலில் நிற்பது எங்கள் மீன்காரர்தான். க்யூஆர் அவர் தங்கை பெயரில்! நீங்களும் எண்ணை வைத்து நேரத்தைக் கண்டுபிடியுங்கள். அப்படி ஒரு எண்ணே உங்கள் ஆப்பில் இல்லையென்றால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள்.

கோபாலபுரம். அப்பாவின் பென்ஷன் கணக்கில் ஏஇபிஎஸ் என்று ஒரே நாளில் இரண்டு தடவை 2,000. அவர் ஒரு தடவைதான் வாங்கியதாகச் சொல்கிறார்.

இந்த மாதக் கடிதங்களில் என்னைப் பயமுறுத்தியது இதுதான். ஏஇபிஎஸ் என்றால் ஆதார் எண்ணும் கைரேகையும் வைத்துப் பணம் எடுப்பது. அப்பாவிடம் கோபப்படாமல் ஒன்று மட்டும் கேளுங்கள்: 'மெஷின் எடுக்கவில்லை, இன்னொரு தடவை விரல் வையுங்கள்' என்று யாராவது சொன்னார்களா? ஆமாம் என்றால், இரண்டாவது ரேகைக்கும் பணம் எடுக்கப்பட்டு அப்பா கைக்கு வராமல் இருந்திருக்கலாம். ஒவ்வொரு தடவைக்கும் ரசீது கேட்கச் சொல்லுங்கள், பணம் வராத தடவைக்கும்.

இன்றைக்கே சைபர் குற்றப் புகார் எண் 1930 க்குப் போன் செய்யுங்கள். வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து, எண் போட்ட ஒப்புகை வாங்குங்கள். வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் மின்னணு முறையில் பணம் போயிருந்தால், வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது என்பது ரிசர்வ் வங்கியின் 2017 உத்தரவு. நாள் தள்ளத் தள்ள அந்தப் பிடி தளரும். ஆதார் ஆப்பில் அப்பாவின் கைரேகையைப் பூட்டி வையுங்கள், பென்ஷன் எடுக்கும் நாளில் திறந்துகொள்ளலாம்.

30 நாளில் வங்கி பதில் தரவில்லையென்றால் வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். விவரம் கேட்க 14448. தமிழும் மலையாளமும் இரண்டும் அங்கே செல்லும்.