பங்கோர் வலையமைப்பு ஒரே வாரத்தில் சரிந்தது ஏன்?

வணக்கம் ஐயா,

இரண்டாம் உலகப்போரில் யப்பானியர் பிடித்திருந்த மலாயாவில் உளவுவலை நடத்திய லிம் போ செங் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். எங்கள் துறைமுகத்தில் தரித்துநின்ற நீர்மூழ்கிகள் மலாக்கா நீரிணை வரை போய்வந்தவை என்று இங்கே முதியவர்கள் சொல்வார்கள். கடல்வழி அப்படித் திறந்திருந்தும், அவருடைய ஆட்கள் மொத்தமாக எப்படிப் பிடிபட்டார்கள்? காட்டிக்கொடுத்த மீனவர்தான் காரணமா?

ஒரு வாசகர், உவர்மலை, திருக்கோணமலை

அன்புள்ள தம்பிக்கு,

அந்த மீனவரின் தலையில் முழுப் பழியையும் போடுவது பெரிய அநியாயம். கடல்வழியை மட்டும் நம்பியிருந்ததுதான் அவர்களைக் கெடுத்தது.

1943 மே 24 அன்று பிரித்தானிய அதிகாரி ஜோன் டேவிஸும் ஐந்து சீன ஆட்களும் ஓ-24 என்ற ஒல்லாந்து நீர்மூழ்கியில் போய் மலாயாவின் பேராக் கரையில் இறங்கினார்கள். பிரித்தானியரின் இரகசியப் பிரிவான போர்ஸ் 136 அனுப்பிய முதல் அணி அது. லிம் அந்த ஆண்டு நவம்பரில் போனார். பேராக்கின் ஈப்போ நகரிலும் கரையருகேயுள்ள பங்கோர் தீவிலும் அவர்களுடைய ஆட்கள் வியாபாரிகளாக நடமாடினார்கள். வியாபாரி ஊர் ஊராகப் போவதையும் மூட்டை சுமப்பதையும் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அந்த ஏற்பாட்டில் பிழையில்லை.

பிழை வந்தது றேடியோவில். அன்றைய சூட்கேஸ் செற்றைப் பார்த்தால் வெறும் பயணப்பெட்டிதான். ஆனால் அதுவே 15 கிலோ அளவில் வரும். கூடவே 6 வோல்ட் பற்றறி வேண்டும், பற்றறியைச் சார்ஜ் பண்ண ஒரு ஜெனரேற்றர் வேண்டும். இவ்வளவையும் யப்பானியர் கண்ணில் படாமல் தங்கள் மலைமுகாமுக்குத் தூக்க முடியாமல் கரைப்பக்கத்திலேயே ஒளித்துவைத்தார்கள். அதனால் இலங்கையிலிருந்த தங்கள் தளத்தோடு பேச மிஞ்சியது நீர்மூழ்கிச் சந்திப்பு மட்டுமே: முன்பே குறித்த இரவு, குறித்த இடம், கரையிலிருந்து ஒரு வள்ளம். வள்ளம் பிந்தினால் அடுத்த தவணை வரை காத்திருக்கவேண்டும். அந்த வள்ளத்துக்காகத்தான் போர்ஸ் 136 ஆளான லீ ஹான் குவோங் நீங்கள் சொல்லும் மீனவரிடம் போனார்.

1944 ஜனவரியில் கெரில்லா ஒருவர் பிடிபட்டு, பங்கோரில் உளவாளிகள் இருப்பதைச் சொல்லிவிட்டார். பிரான்சின் தலைமறைவு இயக்கங்களில் இதற்கென்றே ஒரு விதி இருந்தது. கைதானவர் 48 மணிநேரம் தாக்குப்பிடிக்கவேண்டும். அதற்குள் அவருக்குத் தெரிந்த வீடு, ஆள், சந்திப்பிடம் எல்லாவற்றையும் மற்றவர்கள் மாற்றிவிடவேண்டும். சித்திரவதைக்கு முன் யாரும் முடிவில்லாமல் வாய்மூடி இருக்கமுடியாது என்பதை ஒப்புக்கொண்டு போட்ட விதி அது. பங்கோரில் அதைச் செய்ய வழியில்லை. புதிய சந்திப்பிடத்தை இலங்கைக்கு அறிவிக்க றேடியோ இல்லை. தீவை விட்டுப் போனால் நீர்மூழ்கியும் போய்விடும். அவர்கள் அங்கேயே தங்கியதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மார்ச் பிற்பகுதியில் இருநூறுக்கு மேற்பட்ட யப்பானியச் சிப்பாய்கள் தீவில் நின்றார்கள். 24ஆம் திகதி மீனவரை யப்பானிய இராணுவப் பொலிஸான கெம்பெய்த்தாய் பிடித்தது. அவருக்கு லீயைத் தெரியும், லீக்கு மற்றவர்களைத் தெரியும். மூன்று பேருக்குமேல் ஒருவரையொருவர் அறியாதபடி இடையில் ஒரு தூதரை வைத்திருந்தால், சங்கிலி அங்கேயே நின்றிருக்கும். 31ஆம் திகதிக்குள் எல்லாம் முடிந்தது. பணத்தட்டுப்பாட்டைத் தீர்க்க மலையிலிருந்து இறங்கியிருந்த லிம்மும் சோதனைச்சாவடியில் அகப்பட்டார். அடித்தும் அவரிடமிருந்து எதையும் பெறமுடியவில்லை. ஜூன் 29 அன்று பத்து காஜா சிறையில் உயிர்விட்டார்.

டேவிஸ் பிடிபடவில்லை. மலையிலிருந்து இலங்கைக்கு றேடியோ தொடர்பு கிடைத்தது 1945 பெப்ரவரியில், லிம் இறந்து ஏழு மாதம் கழித்து.