வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவைத் திறந்தாலே போன் ஹேக் ஆகுமா?

ஆகலாம். அரிதுதான், ஆனால் அதற்கு வழிவிடும் ஓட்டைகள் இருந்திருக்கின்றன. “ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் கோப்பு) தொட்டால்தானே ஆபத்து, வீடியோ என்ன செய்யும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னார்குடியில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

வீடியோ பெரும்பாலும் வரும் எம்பி4 கோப்பு என்பது பெட்டி பெட்டியாக அடுக்கிய தரவு. ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் ‘என் அளவு இவ்வளவு’ என்று ஓர் எண் இருக்கும். அதை நம்பித்தான் வீடியோவைப் படிக்கும் நிரல் நினைவகத்தில் இடம் ஒதுக்குகிறது. கொள்முதல் நிலையத்தில் சீட்டில் 40 கிலோ என்று இருப்பதை நம்பி ஒரு சாக்கைப் பிடித்து, 60 கிலோ நெல்லைக் கொட்டினால் மிச்சம் பக்கத்து ஆளின் குவியலில் போய்க் கலக்கும் அல்லவா? அதேதான். இப்படிப்பட்ட நிரல்களைப் பெரும்பாலும் எழுதும் சி, சி++ மொழிகளில் ‘இடம் போதுமா’ என்ற சோதனை தானாக நடக்காது, எழுதுகிறவர்தான் சேர்க்க வேண்டும். ஒரே ஓர் இடத்தில் விட்டுப்போனாலும், வழிந்த பைட்டுகளை வைத்து நிரலின் போக்கையே திருப்பிவிடலாம்.

2015இல் ஆண்ட்ராய்டில் வீடியோவைப் படிக்கும் ஸ்டேஜ்ஃப்ரைட் நூலகத்தில் (செயலிகள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) தெரியவந்தது இதுதான். இரண்டு அளவுகளைக் கூட்டும்போது விடை அதற்கென இருந்த 32 பிட் இடத்துக்குள் அடங்காமல் போய், சின்ன எண்ணாகச் சுருங்கியது. நிரல் சின்ன இடம் ஒதுக்கி, பெரிய தரவைக் கொட்டிவிடும். எம்எம்எஸ்ஸில் வந்த வீடியோவைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. முன்னோட்டம் தயாரிப்பதற்காகப் போன் தானாகவே அதைப் படித்துவிட்டது. அதன்பிறகுதான் ஆண்ட்ராய்டுக்கு மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் வர ஆரம்பித்தது. 2023இல் வெப்பி (WebP) என்ற வகைப் படங்களைப் பிரிக்கும் நூலகத்திலும் இப்படி ஒரு ஓட்டை. குரோம், ஃபயர்பாக்ஸ் எல்லாவற்றிலும் அதே நூலகம் இருந்ததால் எல்லோரும் அவசரமாகத் திருத்தினார்கள். ஐபோனும் தப்பவில்லை. 2021இல் ஜிஃப் என்று பெயர் போட்டு வந்த ஒரு பிடிஎஃப் வழியாகத்தான் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் உள்ளே நுழைந்தது.

பெகாசஸ் போன்றவற்றைச் சாதாரண ஆட்கள்மேல் செலவழிக்க மாட்டார்கள். நம் பக்கத்தில் பணம் போவது பிஎம் கிசான் பெயரில் வரும் போலி ஏபிகேவால்தான். அது வேறு, அதில் கவனமாக இருந்தால் தப்பலாம். இதில் கவனத்தால் பயனில்லை, திருத்தம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கவலை அங்கேதான். திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் புதுப் போன் வாங்கியதும் பழையது அப்பாவிடம் வருகிறது. கம்பெனி அப்டேட்டை நிறுத்திப் பல வருடம் ஆகியிருக்கும். நெல் போட்ட பணம் வரும் கணக்கு அதே போனில்.

சரி, செய்ய வேண்டியது. செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பாருங்கள். அப்புறம், ‘கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்’ என்பதையும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் மீடியா படிக்கும் பகுதிகளுக்கான திருத்தம் அந்த வழியாகவும் வரும், பலர் அதைத் தொடுவதே இல்லை. வாட்ஸ்அப்பையும் பிரவுசரையும் புதுப்பித்து வையுங்கள், மீடியா தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்துங்கள். இரண்டு தேதியுமே வருடக்கணக்கில் பழையதாக இருந்தால் அந்தப் போனில் வங்கிச் செயலியை வைக்காதீர்கள்.