கேழ்வரகு விதைக்குள் இருக்கும் காவல் புரதம்: கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட உழவர்களின் கேள்விகளும், தாவர உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் பதில்களும்.

பென்னாகரம்: அம்மா, ஒரே அறையில் வைத்திருந்த சோளத்தில் வண்டு விழுந்து மாவாகக் கொட்டுகிறது, பக்கத்து மூட்டை ராகிக்கு ஒன்றும் ஆகவில்லை. ராகியில் பூச்சிக்கொல்லிப் புரதம் இருப்பதுதான் காரணமா?

பதில்: அதுவும் ஒரு காரணம், ஆனால் முதல் காரணம் அன்று. தானிய வண்டின் புழு ஒரே மணிக்குள் இருந்து தின்று வளர்ந்து வண்டாக வெளிவர வேண்டும். கேழ்வரகு மணி அதற்கு இடம் போதாத அளவுக்குச் சிறியது. தோலில் துவர்ப்புப் பொருள்களும் உண்டு. இவற்றையும் தாண்டி வருகிற பூச்சியின் குடலில்தான் புரதத்தின் வேலை தொடங்குகிறது.

மாவுச்சத்தைச் செரிக்க அமைலேஸ், புரதத்தைச் செரிக்க டிரிப்சின் என்னும் நொதிகள் வேண்டும். கேழ்வரகில் உள்ள ஒரு சிறு புரதம் இவ்விரண்டையும் தடுக்கிறது. 1981இல் ஷிவராஜ், பட்டாபிராமன் ஆகியோர் இதை விவரித்தார்கள். 1983இல் கம்போஸ், ரிச்சர்ட்சன் இருவரும் இதைக் கோத்திருக்கும் கண்ணிகளான 122 அமினோ அமிலங்களின் வரிசையை முழுமையாக வெளியிட்டார்கள். 1998இல் மஞ்சள் மாவுப்புழுவின் அமைலேசோடு இது பிணைந்திருக்கும் படிக அமைப்பு வெளியானபோதுதான் வேலை செய்யும் விதம் கண்ணுக்குத் தெரிந்தது: நொதி மாவுச்சத்தைப் பிடிக்கும் பள்ளத்துக்குள் இப்புரதத்தின் முன்முனை நேராக நுழைந்து, புட்டி வாயில் தக்கையைப் போல அடைத்துக்கொள்கிறது. டிரிப்சினைப் பிடிக்கும் வளையம் வேறொரு பக்கத்தில் இருப்பதால், ஒரே மூலக்கூறு ஒரே நேரத்தில் இரண்டையும் பிடித்துவைக்கும். ஐந்து கந்தகப் பாலங்கள் அதன் மடிப்பை இறுக்கிக் கட்டியிருக்கின்றன. இதைப் பூச்சிக்கொல்லி என்று சொல்லாதீர்கள். தின்றது செரிக்காமல் புழுவின் வளர்ச்சி மந்தப்படுகிறது, அவ்வளவே.

காரிமங்கலம்: ராகியை முளைகட்டி அரைத்துத் தெளித்தால் தக்காளிக் காய்ப்புழு கட்டுப்படுமா?

பதில்: கட்டுப்படாது. தின்னும் ஒவ்வொரு வாயிலும் போதிய அளவு புரதம் இருந்தாலொழியப் பயனில்லை. இலைமேல் தெளித்த கரைசலில் அந்த அளவு நிற்காது. மேலும், முளைகட்டினால் தடுப்பான் குறையத்தான் செய்யும்.

தேன்கனிக்கோட்டை: பூச்சிக்குச் செரிக்காதது களி தின்கிற நமக்கு மட்டும் செரிக்குமா?

பதில்: நல்ல கேள்வி. இப்புரதம் பூச்சியின் நொதியோடு நிற்பதில்லை. நம்மைப் போலப் பாலூட்டியான பன்றியின் கணைய அமைலேசையும் தடுக்கிறது. ஆனால் முளைகட்டும்போதும் நன்றாக வேகும்போதும் அதன் வீரியம் பெரிதும் குறைகிறது. கிண்டி வெந்த களிக்கும் காய்ச்சிய கூழுக்கும் கவலை வேண்டாம். பச்சை மாவைக் கரைத்துக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

ஊத்தங்கரை: எங்கள் பாட்டி துவரை விதையை ராகியோடு கலந்துதான் வைப்பார். அப்போதே இந்தப் புரதம் தெரிந்திருக்கிறது பாருங்கள்!

பதில்: பாட்டியின் முறை சரி, நீங்கள் சொல்லும் காரணம் சரியில்லை. பயறு வண்டின் புழு புரதத்தைச் செரிக்கப் பெரும்பாலும் டிரிப்சினிலிருந்து வேறுபட்ட சிஸ்டீன் வகை நொதிகளை நம்பியிருக்கிறது. டிரிப்சினைத் தடுக்கும் புரதம் அவற்றைத் தொடாது. தவிர, புழு இருப்பது துவரைக்குள். அது கேழ்வரகைத் தின்பதே இல்லை. துவரைக்கு இடையிலுள்ள சந்துகளைச் சிறு மணிகள் நிரப்பிவிடுவதால், தாய் வண்டு ஊர்ந்து போய் முட்டை ஒட்ட வழியில்லாமல் போகிறது.

பாலக்கோடு: அப்படியானால் ராகியின் மரபணுவைத் தக்காளியில் வைத்துவிட்டால் மருந்துச் செலவே இராதே?

பதில்: இந்த வழியை ஏற்கெனவே முயன்றிருக்கிறார்கள். 1987இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தினர் தட்டைப்பயறின் டிரிப்சின் தடுப்பானைப் புகையிலையில் வைத்தபோது புழுச் சேதம் குறைந்தது. ஆனால் காய்ப்புழு லேசுப்பட்டதன்று. ஒரு நொதியைத் தடுத்தால், தடுப்பானுக்கு மசியாத வேறு நொதிகளைச் சுரந்துகொள்ளும். ஆஸ்திரேலியாவில் பீன்ஸின் அமைலேஸ் தடுப்பானைப் பட்டாணியில் வைத்தார்கள். பட்டாணி வண்டு அடங்கியது. ஆனால் அதைத் தின்ற எலிகளிடம் ஒவ்வாமை போன்ற எதிர்வினை தெரிந்ததாக 2005இல் ஆய்வு வெளிவந்து, திட்டம் கைவிடப்பட்டது.

ஓசூர்: பாலக்கோட்டுக்காரரை வீணாகப் பயமுறுத்துகிறீர்கள் அம்மா. அதே புரதம் உள்ள பீன்ஸை உலகமே தின்கிறதே?

பதில்: பட்டாணிச் செல்லில் உருவானபோது அப்புரதத்தின் மேல் ஒட்டும் சர்க்கரைகள் மாறியிருந்தன என்பது 2005இன் வாதம். உங்கள் பக்கமும் வலு உண்டு: மரபணு மாற்றாத பட்டாணிக்கும் பீன்ஸுக்கும்கூட எலிகள் அவ்வாறே எதிர்வினை காட்டியதாக 2013இல் மற்றோர் ஆய்வு சொன்னது. ஆகவே பட்டாணியை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. நான் தயங்குவது வேறு காரணத்தால். கேழ்வரகுப் புரதத்தின் உறவுப் புரதங்கள் கோதுமையில் உண்டு; ரொட்டிக் கூடங்களில் மாவுத் தூசியால் வரும் ஆஸ்துமாவுக்கு அவையும் காரணமாகின்றன. தக்காளியோ பச்சையாகவும் தின்னும் பண்டம். சோதிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், கூடாது என்று சொல்லவில்லை.

பாலக்கோடு: ஓசூர்க்காரர் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. விதை எப்போது கிடைக்கும்?

பதில்: விற்பனையில் அப்படி ஒரு தக்காளி விதை இல்லை. யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

மொரப்பூர்: கம்பில் இப்படி எதுவும் இல்லையா?

பதில்: உண்டு. சிஸ்டீன் நொதிகளைத் தடுக்கும் ஒரு புரதத்தைக் கம்பு விதையில் கண்டார்கள்; அது பூஞ்சையின் வளர்ச்சியையும் தடுத்தது.

பாப்பாரப்பட்டி: ராகி மாவைக் கரைத்துத் துவரைக்குத் தெளிக்கலாமா?

பதில்: காரிமங்கலத்துக்குச் சொன்னதேதான்.

அஞ்செட்டி: குலை நோய் தாங்கும் ரகம் எது?

பதில்: என் துறை அன்று. பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.

அரூர்: காவல் புரதம் இருக்கும்போது ராகியைக் காயவைக்காமலே மூட்டை பிடிக்கலாமா? கூடவே ஒரு வாயு மாத்திரை போட்டுவிட்டால்?

பதில்: எத்தனை முறை சொல்வது! ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதை இந்தப் புரதம் நிறுத்தாது. ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் போகாமல் காயவையுங்கள். கருவி இல்லையென்றால், உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி தானியத்தையும் உலர்ந்த தூள் உப்பையும் போட்டுச் சில நிமிடம் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் வெயில் தேவை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை ஆள் படுக்கும் வீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் வாயு உயிரைக் குடிக்கும், மாற்று மருந்தும் இல்லை.

நல்லம்பள்ளி: ராகி மாவில் வண்டு வந்துவிட்டதே, புரதம் எங்கே போயிற்று?

பதில்: எங்கும் போகவில்லை. அரைத்தால் சிறு மணி, துவர்ப்புத் தோல் என்ற இரண்டு தடைகளும் போய்விடுகின்றன. மாவு வண்டுக்கு வழி திறந்துவிடுகிறது, எஞ்சிய தடுப்பான் மட்டும் அதைத் தடுத்துவிடாது. மணியாக வைத்திருந்து, பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.