இரவு 11 மணிக்குப் பூட்டச் சொன்னால் விடியற்காலையில் பூட்டும் ஃபயர்வால்

கேள்வி: எங்கள் கல்லூரி விடுதியின் இன்டர்நெட் ஒரு லினக்ஸ் சர்வர் வழியாகப் போகிறது. ஞாயிறு முதல் வியாழன் வரை இரவு 11 மணிக்கு நெட் நின்று, காலை 5 மணிக்குத் திரும்ப வர வேண்டும் என்று அதன் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் விதி எழுதினேன். இரவெல்லாம் நெட் ஓடுகிறது. காலையில் பார்த்தால் 10:30 வரை இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் 5:30க்கே வந்துவிடுகிறது. டேட் கமாண்ட் சரியான இந்திய நேரத்தைத்தான் காட்டுகிறது. எங்கே தப்பு?

பதில்: நீங்கள் குறிப்பிட்ட அந்த 10:30-லேயே விடை இருக்கிறது. காலை 5 மணியோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஐபிடேபிள்ஸின் டைம் மாட்யூல், நாம் வேறு எதுவும் சொல்லாதவரை, கொடுத்த நேரத்தை யுடிசி (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் 23:00 அதற்கு நம்மூர் விடியற்காலை 4:30. உங்கள் 05:00 நம்மூர் காலை 10:30.

டேட் கமாண்டை நம்பித்தான் பலரும் இதில் ஏமாறுகிறார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வைத்திருப்பது யுடிசி கடிகாரம். டேட் அதை வாங்கி, சிஸ்டத்தின் டைம்ஸோன் கோப்பைப் பார்த்து, ஐந்தரை மணி கூட்டி நமக்குக் காட்டுகிறது. பாக்கெட்டை, அதாவது நெட்டில் போகும் தரவுத் துண்டை, சோதிக்கும் கெர்னல் அந்தக் கோப்பைத் திறப்பதே இல்லை.

வெள்ளிக்கிழமை விஷயத்தைக் கவனித்து எழுதியதற்கு நன்றி. கிழமையும் யுடிசிப்படிதான் ஓடுகிறது. அங்கே நள்ளிரவு என்றால் இங்கே காலை 5:30. அந்த நொடியில் அங்கே வெள்ளி பிறக்கிறது, உங்கள் பட்டியலில் வெள்ளி இல்லை, விதி விலகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை 4:30க்கு எழுந்து பார்த்திருந்தால் நெட் இருந்திருக்கும், 5:30க்குத்தான் நின்றிருக்கும். நள்ளிரவைத் தாண்டும் விதியை இந்த மாட்யூல் ஒரே இரவாகப் பார்ப்பதில்லை, அந்தந்தக் கிழமையின் இரண்டு துண்டுகளாகப் பார்க்கிறது. ஒரே இரவாகச் சேர்க்க ‘கன்டிகுவஸ்’ என்ற ஆப்ஷனைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

சரி, திருத்தம். தொடக்கத்தை 17:30 என்றும் முடிவை 23:30 என்றும் மாற்றுங்கள். கிழமைகள் அப்படியே இருக்கட்டும். நம்முடைய இரவு 11 முதல் காலை 5 வரை யுடிசியில் ஒரே தேதிக்குள் அடங்கிவிடுவதால் நள்ளிரவுச் சிக்கலும் இதோடு போய்விடும். முடிவு நேரம் நம்முடைய 5:30ஐத் தாண்டாதவரை இது செல்லும். வார்டன் நாளைக்கு 6 மணி ஆக்கச் சொன்னால் 00:30 என்று எழுதி, கன்டிகுவஸையும் சேர்க்க வேண்டும். விதியோடு ஒரு கமென்ட்டும் போடுங்கள்: ‘இந்திய நேரம் இரவு 11 முதல் காலை 5’. உங்களுக்குப் பின் வருபவர் 17:30ஐப் பார்த்துக் குழம்பி, நல்லெண்ணத்தில் பழையபடி 23:00 ஆக்கிவிடக் கூடாது.

‘கெர்னல்டிசட்’ ஆப்ஷனைப் போட்டால் உள்ளூர் நேரத்திலேயே எழுதலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கெர்னலுக்குள் இருக்கும் டைம்ஸோன் வேறொன்று. பூட் ஆகும்போது யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். எல்லா சிஸ்டமும் சொல்லிக்கொடுப்பதில்லை. இன்று வேலை செய்து, ரீபூட் ஆனதும் மறுபடி ஐந்தரை மணி தள்ளிப்போகலாம்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். நான் பார்த்த ஒரு விடுதியில் நேரத்தைத் திருத்திவிட்டு 11 மணிக்குக் காத்திருந்தோம். புதிதாக எந்தப் பக்கமும் திறக்கவில்லை. ஆனால் 10:50க்கு ஆரம்பித்த ஒரு பெரிய டவுன்லோட் 11:20க்கும் நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. காரணம், ஃபார்வர்ட் செயினின் (சர்வர் வழியாகக் கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான விதி வரிசை) முதல் வரி: எஸ்டாப்ளிஷ்ட், ரிலேட்டட் (ஏற்கெனவே உருவான இணைப்பு, அதைச் சார்ந்த இணைப்பு) என்றால் அனுமதி. பெரும்பாலான சர்வர்களில் இந்த வரி மேலேதான் இருக்கும். ஏற்கெனவே உருவான இணைப்பின் பாக்கெட்டுகள் அங்கேயே தேறிவிடுவதால், கீழே இருக்கும் நேர விதியைத் தொடுவதே இல்லை. பாக்கெட் எதுவும் வராவிட்டாலும் எஸ்டாப்ளிஷ்ட் டிசிபி இணைப்பை கனெக்‌ஷன் ட்ராக்கிங் வழக்கமாக 432000 விநாடிகள், அதாவது 5 நாள், நினைவில் வைத்திருக்கும். எனவே தானாக அறுந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். நேர விதியை அந்த வரிக்கு மேலே, செயினின் முதல் இடத்தில் செருகுங்கள்.

விதியில் டிசிபி 80, 443 என்று போர்ட்களை எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். யூடியூப் போன்றவை யுடிபி 443 வழியாக க்யுக் நெறிமுறையில் ஓடிவிடும். விடுதியின் ஐபி வரம்பை மட்டும் கொடுத்து மொத்தமாகத் தடுப்பதே சரி. ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) இருந்தால் அதற்கான ஐபி6டேபிள்ஸிலும் இதே விதியைத் தனியாக எழுத வேண்டும். அப்புறம், அதே சர்வரில் ஸ்க்விட் ப்ராக்ஸி (மாணவர்களுக்காகத் தானே பக்கங்களை வாங்கித் தரும் மென்பொருள்) இருந்தால் மாணவர்களின் கோரிக்கை ஃபார்வர்டுக்கு வராது, சர்வருக்கே வரும் பாக்கெட்டுகளுக்கான இன்புட் செயினில் நின்றுவிடும்; அங்கே ப்ராக்ஸியின் போர்ட்டை மட்டும் தடுங்கள். இன்புட்டை மொத்தமாக அடைத்தால் நீங்களே எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) உள்ளே போக முடியாது.

சோதிக்க இரவு 11 வரை விழித்திருக்க வேண்டாம். சர்வர் கடிகாரத்தையும் மாற்றாதீர்கள். லாகுகளின் நேரம் குழம்பிவிடும். டேட் கமாண்டை யுடிசியில் காட்டச் சொல்லிப் பார்த்து, அதிலிருந்து 2 நிமிடம் கழித்துத் தொடங்கி 5 நிமிடம் ஓடும்படி, உங்கள் லேப்டாப்பின் ஐபிக்கு மட்டும் ஒரு தற்காலிக விதி எழுதுங்கள். லேப்டாப்பில் பிங் ஓடட்டும். சர்வரில் ஃபார்வர்ட் செயினைக் கவுன்ட்டரோடு பட்டியலிட்டுப் பாருங்கள். தொடக்க நேரம் வந்ததும் விதியின் பாக்கெட் எண்ணிக்கை 0-விலிருந்து ஏற வேண்டும். ஏறாமல் 0-விலேயே நின்றால் நேரமோ இடமோ தப்பு. ஏறுகிறது, ஆனாலும் லேப்டாப்பில் நெட் வருகிறது என்றால், அது வேறு வழியாக வெளியே போகிறது. ஐபிவி6-இலிருந்து தேட ஆரம்பியுங்கள்.