நீலக் குடம் ஃபிரேமிலேயே இருக்கட்டும்: கேள்வி பதில்

பழங்குடி ஊர்களின் அன்றாட வாழ்க்கையைப் படமெடுப்பது பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லாஸ்பேட்டையிலிருந்து: அண்ணா, புதுச்சேரியில் பழங்குடிகளே கிடையாதே. நாகாலாந்துதான் போகணுமா?

பதில்: கிடையாது என்று யார் சொன்னது? இருளர்கள் இங்கேதான் இருந்தார்கள், பட்டியல்தான் இல்லை. புதுச்சேரிக்கென்று பழங்குடியினர் பட்டியல் 2016 டிசம்பரில்தான் வந்தது. அதில் இருளர் பெயர் இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் பிச்சாவரம், கிள்ளைப் பக்கம் போங்கள். அங்கே இருளர்கள் தண்ணீரில் இறங்கி, வலையில்லாமல் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் ஓலைக் கூடையான பறியைப் பல்லில் கடித்திருப்பார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள். படகில் நின்றபடி எடுத்தால் வெறும் தலைகள்தான் விழும். கேட்டுவிட்டு நீங்களும் இறங்குங்கள். கேமரா நீர்மட்டத்துக்கு வந்தால்தான் முகம், பறி, பின்னால் சுரபுன்னை வேர் எல்லாம் ஒன்றாக அமையும். வீடு வந்ததும் உப்புத் தண்ணீர் பட்ட இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். போனில் எடுத்தால், எந்த இடம் என்று படத்தோடு சேர்த்து வைக்கும் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுங்கள். நாகாலாந்துக்குள் நுழைய இன்னர் லைன் பர்மிட் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். கிள்ளையைப் பார்த்துவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

பண்ருட்டியிலிருந்து: என்ன கேமரா, என்ன லென்ஸ்?

பதில்: கையில் இருக்கும் கேமரா, 35 எம்.எம். லென்ஸ். பேசும் தூரத்தில் நின்று எடுக்கலாம்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: சார், குடிசைக்குள் அடுப்புப் பக்கம் எடுத்தால் முகம் இருட்டாகிவிடுகிறது.

பதில்: வாசல் வெளிச்சத்தை நம்பிக் கேமரா ஏமாறுகிறது. ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தில் வையுங்கள். ஆனால் கறுத்த தோலைக் கேமரா வெளுக்கப் பார்க்கும்; வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப் வரை, அதாவது பாதி வரை, குறைத்துவிடுங்கள். கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். ஒளி உணர்திறனை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, 3200 வைக்கத் தயங்க வேண்டாம். ஃபிளாஷ் போட்டால் புகைதான் வெள்ளையாகத் தெரியும்.

அரியாங்குப்பத்திலிருந்து: அந்தமான் போகிறேன். வண்டியிலிருந்து அங்குள்ள ஜாரவா பழங்குடி மக்களை எடுக்கலாமா?

பதில்: கூடாது. 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

சிதம்பரத்திலிருந்து: ஊரெல்லாம் பிளாஸ்டிக் குடமும் டிஷ் ஆன்டெனாவுமாக இருக்கிறது. ஒதுக்கி வைத்து எடுத்தால் என்ன?

பதில்: அன்றாட வாழ்க்கை என்று தலைப்புப் போடாவிட்டால் எதையும் ஒதுக்குங்கள். போட்டால், அந்த அம்மா தண்ணீர் பிடிப்பது நீலக் குடத்தில்தான். அதை மறைத்து மண்பானையைக் கையில் கொடுத்தால் அது உங்கள் ஆசை, அவர் வாழ்க்கை இல்லை. இன்னொன்று: பழங்காலத்திலேயே நிற்கும் மக்கள் என்று காட்டிவிட்டால், குழாய் ஏன் வரவில்லை, ரோடு ஏன் போடவில்லை என்று பார்ப்பவருக்குக் கேட்கவே தோன்றாது.

மீண்டும் சிதம்பரம்: கல்யாண வீட்டில் நாற்காலியை நகர்த்தித்தானே எடுக்கிறீர்கள்?

பதில்: அங்கே படம் வேண்டும் என்று கூப்பிட்டது அவர்கள். பிடிக்காவிட்டால் ஆல்பத்தைத் திருப்பித் தருவார்கள். இவர்களுக்கு அந்த வசதி உண்டா?

முதுநகரிலிருந்து: அப்போ ஊட்டியில் தோடர்கள் புத்துக்குளி போர்த்தி நிற்பதும் நாடகமா?

பதில்: நல்ல கேள்வி. இல்லை, எதைப் போர்த்துவது என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல் பூவேலை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. விழாவுக்கும் சாவுக்கும் போர்த்துவார்கள், நாம் கேட்டதற்காக அல்ல. சட்டையும் கம்பளியுமாக எருமை பக்கம் நிற்பவரும் தோடர்தான், அவரையும் எடுங்கள். எருமைப் பாலைப் புனிதமாக வைத்துக் கையாளும் அவர்களது பால் கோயிலுக்குள் வெளியாட்கள் போகக்கூடாது. தள்ளி நின்று எடுக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீண்டும் சிதம்பரம்: போட்டிகளில் குடம் இருக்கும் படம் ஜெயிக்காது, சார்.

பதில்: அப்படியானால் நடுவர்களிடம் சண்டை போடுங்கள், என்னிடம் ஏன்?

விருத்தாசலத்திலிருந்து: எந்த லென்ஸ் வாங்கலாம்?

பதில்: பண்ருட்டிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: பணம் கொடுக்கலாமா?

பதில்: வேலையை விட்டுவிட்டு உங்களுக்காக நின்றால் அது கூலி. பேரம் பேசாமல் கொடுங்கள். பிள்ளைகளிடம் மிட்டாய் நீட்டிப் படம் எடுக்காதீர்கள். படத்தை அச்சிட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பல வீடுகளில் தாத்தா பாட்டிக்கு ஒரு படம்கூட இருக்காது.

நெய்வேலியிலிருந்து: செங்கல் சூளையில் இருளர் குடும்பங்களை எடுத்தேன். ஊர் பெயரோடு போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். முன்பணக் கடனுக்குச் சூளையில் கட்டுண்டு கிடக்கும் குடும்பங்கள் அவர்களில் உண்டு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்தும் இன்னும் ஆட்களை மீட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். முகமும் ஊரும் தெரிந்தால் அடி விழுவது அவர்களுக்கு. கட்டிவைத்திருப்பதாகச் சந்தேகம் இருந்தால் படத்தைக் கோட்டாட்சியரிடம் கொடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், இருப்பிடப் பதிவை அணையுங்கள்.

வில்லியனூரிலிருந்து: 50 எம்.எம். லென்ஸ் போதுமா?

பதில்: போதும். லென்ஸ் கடை இத்துடன் மூடப்படுகிறது.

மரக்காணத்திலிருந்து: மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போகலாமா?

பதில்: போங்கள். பௌர்ணமிக்குப் பல மாவட்டத்து இருளர்களும் கடற்கரையில் சேலையால் கூடாரம் கட்டித் தங்கி, விடியலில் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள், கல்யாணங்களும் நடக்கும். முதல் நாள் மாலையே போய், யார் வீட்டுக் கல்யாணம் என்று விசாரித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் குளிக்கும் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். அங்கே மட்டும் இருப்பிடப் பதிவு இருந்துவிட்டுப் போகட்டும், அந்தக் கடற்கரை ஊருக்கே தெரியும்.