டூ வீல் டிரைவ் பிக்கப்புக்கு முன்னால் சாலிட் ஆக்ஸில் போட்டு ஃபோர் வீல் ஆக்க எவ்வளவு செலவாகும்?

எனக்கு ஆனது 2,55,900 ரூபாய். பட்டறையில் முதல் நாள் பேசியது 1,10,000. நடுவில் இருக்கும் அந்த ஒன்றரை லட்சம் எங்கே போனது என்று எழுதுகிறேன். உங்களிடமும் யாராவது லட்சத்துச் சில்லறை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பி, மிளகு உண்டு. தோட்டம் பள்ளத்தில், காயவைக்கும் களம் மேட்டில். இடையில் அரைக் கிலோமீட்டர் செம்மண் ஏற்றம். பழம் பறிக்க ஆரம்பிக்கும்போதுதான் ஐப்பசி, கார்த்திகை மழையும் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், கிளட்ச் பிளேட் வருஷத்துக்கு ஒன்று கருகும். ஈர மூட்டையைத் தலையில் வைத்து ஆட்கள் சேற்றில் வழுக்கிக்கொண்டு ஏறுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் 2017-ல் இந்த வேலையில் இறங்கினேன். கீழே உள்ளதெல்லாம் அந்த வருஷத்து விலை.

சாலிட் ஆக்ஸில் என்பது இரண்டு முன் சக்கரங்களையும் ஒரே கட்டையாக இணைத்து, அவற்றுக்கு இன்ஜினின் இழுவையைக் கொடுப்பது. பழைய ஜீப்பின் முன் ஆக்ஸில், சக்கரம் மாட்டும் ஹப்போடு சேர்த்து, சேலத்தில் ஒரு காயலாங்கடையில் 42,000. பேசிய தொகையில் பெரிய பங்கு இதுதான். பிரித்துப் பார்த்தால் பேரிங், கிங்பின், ஆயில் சீல் எல்லாம் போயிருந்தது. அதற்கு 19,000. இழுவையை முன் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ்; என் வண்டியின் கியர் பாக்ஸில் அதை மாட்ட இடமே இல்லை. ஃபோர் வீல் வண்டியின் கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டையும் செகண்டில் 38,000-க்கு வாங்கி, சரிசெய்ய இன்னும் 9,500 கொடுத்தேன்.

அடுத்து வந்த செலவை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆக்ஸிலுக்குள் ஷாஃப்ட்டின் சுற்றைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடிதான் கிரவுன் பினியன்; ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் சின்னது பினியன். முன் ஆக்ஸிலில் இந்த ஜோடியின் பல் கணக்கும் பின் ஆக்ஸிலின் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே ஓடும்; ஏதாவது ஒன்று உடையும் வரை விடாது. பின் கிரவுன் பினியனை மாற்ற 16,000.

முன்னால் இருந்த, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் இன்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு, சேஸில் பிராக்கெட் வெல்டிங் வைத்து, ஸ்பிரிங் பட்டை, அதைப் பிடிக்கும் ஷேக்கிள், யூ போல்ட் போட்டதில் 22,000. வண்டி குதிக்கும்போது கிரவுன் பினியன் இருக்கும் ஆக்ஸில் உருண்டை, இன்ஜின் அடியில் உள்ள ஆயில் சம்ப்பில் இடிக்கக் கூடாது என்பதால் உயரத்தையும் கூட்ட வேண்டியிருந்தது. உயரம் கூடியதும் ஸ்டீயரிங் ராடுகளின் கோணம் மாறி, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாக ஒரு பக்கம் திரும்பியது. அதைச் சரிக்கட்ட 11,000. ஆக்ஸிலுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் முன்னுக்குப் புதிது, பின்னதை வெட்டிக் குட்டையாக்கி பேலன்சிங், இதற்கு 14,500. பிரேக் லைன் 6,500. கூலி 45,000. ஆக 2,23,500. வண்டி பதினொரு வாரம் பட்டறையில் கிடந்தது, அதுவும் பறிப்புக் காலத்தில். அந்த நாட்களில் வாடகை ஜீப் 27 நடை, நடைக்கு 1,200. அதுவும் செலவுதானே.

ஏற்றம் ஏறியதா என்றால், ஏறியது. முதல் மழைக்கே மூட்டையோடு நிற்காமல் மேலே வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒரு சீசன் ஓட்டிய பிறகு புரிந்தது, எனக்குப் பெரிதும் உதவியது டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள லோ கியர். சக்கரத்துக்குப் போகும் இழுவை சுமார் இரண்டரை மடங்கு ஆவதால், கிளட்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே ஏற்ற வேண்டியதில்லை. பின்னால் பாரம் ஏற்றிச் செங்குத்தில் ஏறும்போது முன் சக்கரத்தின் மேல் எடை குறைந்துவிடும். அதன் பிடிப்பை நம்பி மட்டும் இவ்வளவு பணம் போடாதீர்கள்.

இழந்ததும் உண்டு. தோட்டத்து வளைவுகளில் ஒரே ஒடிப்பில் திரும்பிய வண்டி இப்போது ஒரு ரிவர்ஸ் கேட்கிறது. இன்னொன்று, ஒருமுறை டிரைவர் தம்பி ஃபோர் வீலிலிருந்து டூ வீலுக்கு மாற்றாமலே சேலம் இறங்கும் தார் ரோட்டுக்குப் போய்விட்டான். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓடும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும், காய்ந்த தாரில் கொடுக்காது. இருபது கொண்டை ஊசி வளைவில் நாலாவதிலேயே ஃபோர் வீல் லிவர் இறுகிப்போய், முன் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸ் உடைந்தது. மாட்டிக்கொண்ட லிவரை எடுக்க வண்டியைக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் போதும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்காதது என் தப்பு.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரிக்கவும் இது ஒரு காரணமாகிவிடும். தீர்ப்பைப் படித்த நாளிலிருந்து அந்த வண்டி தோட்டத்தைத் தாண்டுவதில்லை. சேலம் போக வேறு வண்டி வைத்திருக்கிறேன்.

அதனால் என் பதில்: வண்டியை விற்றுவிட்டு, கம்பெனியிலேயே ஃபோர் வீலாக வந்த பிக்கப்பை செகண்டில் தேடுங்கள். அன்றைக்கே என் வண்டியைக் கொடுத்து மேலே ஒன்றேகால் லட்சம் போட்டால் ஒன்று கிடைப்பதாக இருந்தது, நான்தான் விட்டேன். உங்கள் ஏற்றம் இருநூறு, முந்நூறு அடிதான் என்றால் இரண்டு சக்கரத் தடத்துக்கும் கல் பாவி, பின் டயருக்குச் சங்கிலி வாங்கி வையுங்கள்.

ரோட்டுக்கே வராத தோட்ட வண்டி, செய்தே தீருவேன் என்றால், ஆக்ஸிலுக்குப் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பக்க ஹப்பை அசையாமல் பிடிக்கச் சொல்லி, மறுபக்கத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பினியன் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் கணக்கு. வீட்டில் உங்கள் பின் ஆக்ஸிலிலும் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, பினியனோடு சேர்ந்து சுற்றும் ஷாஃப்ட்டை இப்படியே எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் மட்டும் வாங்குங்கள்.