பிரித்தெடுத்த டி செல்கள் பெருகாததற்குக் காரணம்

முழு மண்ணீரல் செல்களில் நன்றாக வேலை செய்த 145-2சி11 என்ற சிடி3 ஆன்டிபாடி (டி செல் ஏற்பியோடு இணைந்த சிடி3 புரதத்தைப் பிடித்து டி செல்லைத் தூண்டுவது), பிரித்தெடுத்த எலி டி செல்களை மூன்று நாளாகியும் பெருகச் செய்யவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆன்டிபாடி கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. மீடியத்தில் கரைத்து ஊற்றியதுதான் கோளாறு.

டி செல் தூண்டப்பட அதன் ஏற்பிகள் ஓரிடத்தில் இழுத்துச் சேர்க்கப்பட வேண்டும். முழு மண்ணீரலில் பி செல்லும் மேக்ரோஃபேஜும் எஃப்சி ஏற்பியால் ஆன்டிபாடியின் வாலைப் பிடித்து அதைச் செய்துவிடும். அவற்றை நீக்கிவிட்டீர்கள், இனி செல் வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டுதான் பிடிக்க வேண்டும், அதாவது ஆன்டிபாடியை முதலில் தட்டில் பூச வேண்டும்.

தட்டையான அடியுள்ள 96 குழித் தட்டில், குழிக்கு 50 மைக்ரோலிட்டர் வீதம், பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) மில்லிலிட்டருக்கு 2 முதல் 5 மைக்ரோகிராம் ஆன்டிபாடி. 37 டிகிரியில் 2 மணி நேரம், அல்லது 4 டிகிரியில் இரவு முழுக்க. தயவுசெய்து மீடியத்தில் கரைக்காதீர்கள்: சீரத்தின் புரதங்கள் முந்திக்கொண்டு பிளாஸ்டிக்கில் ஒட்டிவிடும். இரண்டு முறை பிபிஎஸ்ஸால் கழுவுங்கள், குழி காய்வதற்குள் செல்களைப் போடுங்கள், குழிக்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் வரை.

டி செல்லுக்கு இரண்டாவது தூண்டலைத் தரும் சிடி28 ஆன்டிபாடியை (37.51 என்ற வகை) மட்டும் மில்லிலிட்டருக்கு 1 அல்லது 2 மைக்ரோகிராம் மீடியத்திலேயே சேர்க்கலாம். அது இல்லாவிட்டால், டி செல் பெருக உதவும் ஐஎல்-2 புரதத்தின் சுரப்பு சொற்பம். எலி செல்லுக்கு 50 மைக்ரோமோலார் 2-மெர்காப்டோஎத்தனால் அவசியம், பலர் விடுவது இதைத்தான்.

குப்பியில் சோடியம் அசைடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு விற்கும் குப்பிகளில் பெரும்பாலும் இருக்கும், அது செல்களைக் கொல்லும்.

72 மணி நேரம் காத்திருக்க வேண்டாம். மறுநாளே சிடி69 (தூண்டப்பட்ட டி செல்லின் மேற்பரப்பில் சீக்கிரம் ஏறும் புரதம்) பாருங்கள், ஏறியிருந்தால் பூச்சு சரி.